இரண்டாம் தொட்டியில் பனி

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு இசக்கியப்பன் உள்ளே வந்தபோது வாசல் கேமரா அவருக்குக் கொடுத்த எண் எழுபத்தொன்று.

ஜெசிந்தா வில்லவராயர் கையிலிருந்த டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் திரையை மறுபடி பார்த்தாள். நான்கு வருடமாக இருபதைத் தாண்டாத மனிதர். போன மாதம் முப்பத்தெட்டு வந்தது, சரி, வீட்டில் ஏதாவது இருக்கும் என்று விட்டாள். போன வாரம் ஐம்பத்தாறு. இப்போது எழுபத்தொன்று. கண்ணாடிக்கு வெளியே அவர் வழக்கம்போலத்தான் நின்றார். சாம்பல் நிறச் சீருடை, கையில் தூக்குவாளி, நெற்றியில் காய்ந்த திருநீறு. அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு வழக்கத்தைவிட அரை நொடி சீக்கிரம் முடிந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. எண்ணைப் பார்த்த பிறகு எதுவுமே அப்படித்தான் தோன்றும்.

அவள் வேலை பார்த்தது தூத்துக்குடிக்குத் தெற்கே, பனைமுனை என்ற மீனவர் குடியிருப்பை ஒட்டியிருந்த தென்கடல் உரக் கிடங்கில். கப்பலில் வரும் அமோனியாவைக் குளிர வைத்து மூன்று ராட்சதத் தொட்டிகளில் தேக்கி, உர ஆலைகளுக்கு அனுப்புவார்கள். ஒரு தொட்டி உடைந்தால் காற்று அடிக்கிற திசையில் நான்கு கிலோமீட்டருக்கு மூச்சு விடுகிற எதுவும் மிஞ்சாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் மேற்குக் கரையில் ஒரு தனியார் எண்ணெய்க் கிடங்கை நாலு பேர் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் தன்வாசல் சட்டம். எல்லா வாசலிலும் போலீஸ் நிற்க முடியாது, லாபம் பார்க்கிறவன் தன் வாசலைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்றது அரசு. கிடங்கு, ஆலை மட்டுமில்லை; தனியார் மருத்துவமனை, கல்லூரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் அதே சட்டம். ஒவ்வொரு நிறுவனமும் 'முன்னறி' என்ற கருவியை வாசலில் வைக்க வேண்டும். ஒரு பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். உள்ளே வருகிறவரின் நடை, மூச்சு, கண் அசைவு, கழுத்து நரம்பின் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்து, இந்த ஆள் நாசவேலை செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று நூற்றுக்கு ஓர் எண்ணைக் கருவி சொல்லும்.

எழுபதைத் தாண்டினால் அதிகாரிக்கு எழுபத்திரண்டு மணி நேரம் கெடு. அதற்குள் விசாரித்து, 'அனுமதிக்கிறேன்' என்றோ 'தடுக்கிறேன்' என்றோ கையெழுத்துப் போட வேண்டும். அனுமதித்த ஆள் பிறகு எதையாவது செய்துவிட்டால் அதிகாரிக்குப் பத்து வருடம் சிறை. தடுத்தால் அந்த ஆளின் பெயர் பொதுப்பட்டியலுக்குப் போய்விடும். அதன்பிறகு நாட்டில் எந்தத் தனியார் வாசலும் அவருக்குத் திறக்காது.

ஜெசிந்தா இதுவரை ஒரே ஒருவரைத் தடுத்திருக்கிறாள். லாரி ஓட்டுநர் அருள்தாஸ். எண்பத்திரண்டு. எட்டு மாதம் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு எதிரே இருந்த பங்ச்சர் கடையில் பட்டுவேட்டியோடு உட்கார்ந்து, தாலி கட்டுவதை போனில் பார்த்தாராம். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஜெசிந்தாவுக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் அவளை உறுத்தியது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் அவள் போலீசில் இருந்தவள். எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. இரண்டு வாரக் கேமரா பதிவுகளை எடுத்து ஓட விட்டாள்.

இசக்கியப்பன் வால்வு ஆபரேட்டர். முதல் தொட்டியில்தான் அவருக்கு வேலை. ஆனால் ஷிப்டு முடிந்தபிறகு மூன்று நாள், ஷிப்டுக்கு நடுவில் இரண்டு நாள், இரண்டாம் தொட்டியின் பின்பக்கம் போயிருக்கிறார். கடலைப் பார்த்த பக்கம். அங்கே குனிந்து தகட்டைத் தடவுகிறார். பையிலிருந்து எதையோ எடுத்துச் சுவரில் கோடு போடுகிறார். போனில் படம் எடுக்கிறார். எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார்.

அவள் பதிவை நிறுத்தினாள். சாயங்காலம் கேன்டீனில் அவரெதிரே போய் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, சனிக்கிழமை காலை ஷிப்டு முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுப் போனீங்க போல?"

"இங்கதான் கேன்டீன்ல இருந்தேன் மேடம். வெயிலு தாழட்டும்னு."

"கேன்டீன்லயா?"

"ஆமா மேடம்."

பொய். சொல்லும்போது அவர் கை தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடியது.

பொது மேலாளர் கிருபாகரனிடம் அவள் போனது அன்றைக்கே. பதிவுகளைக் காட்டினாள். உடனே தடுக்கச் சொல்வார் என்றுதான் நினைத்தாள். எந்த மேலாளரும் அதைத்தான் சொல்வார்.

கிருபாகரன் முழுதாகப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா வேலை பார்க்கிற மனுஷன் ஜெசிந்தா. ஒரு மெஷின் சொல்லிடுச்சுன்னு வயித்துல அடிக்கிறதா? அனுமதின்னு கையெழுத்துப் போடுங்க. நான் பின்னால இருக்கேன்."

"சார், அவர் போனது இரண்டாம் தொட்டிக்குப் பின்னால. அங்க அவருக்கு ஒரு வேலையும் கிடையாது."

"தெரியும். கண்காணிப்புல வையுங்க. பதிவெல்லாம் பத்திரமா இருக்கட்டும்."

வெளியே வந்து படியிறங்கும்போது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வருடம் கேன்டீன்காரர் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வந்ததற்கே இதே கிருபாகரன் அவரை மாற்றச் சொல்லிக் குதித்தவர். இந்த மனிதருக்கு எப்போதிருந்து இரக்கம் வந்தது?

மறுநாள் புதன். இசக்கியப்பனுக்கு வார விடுமுறை. ஜெசிந்தா சாதாரணச் சேலை கட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்தில் போட்டுவிட்டு, அவர் ஏறிய பேருந்திலேயே ஏறினாள். அவர் முன்னால், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கையில் முழங்கைக்குக் கீழே பெரிய கட்டு. புதிய பேருந்து நிலையத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கி, ஒரு தனியார் மருத்துவமனைக்குள் போனார்கள். அங்கும் வாசலில் கேமரா, பச்சை விளக்கு. ஒரு நொடி நின்று, இங்கே எண் ஏறாமல் பச்சை எரிந்ததும் மனைவியின் தோளைப் பிடித்து உள்ளே நடத்திப் போனார்.

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஜெசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் திடுக்கிடவில்லை. பெருமூச்சுதான் விட்டார்.

"எவ்வளவு வந்திருக்கு மேடம், எனக்கு?"

"எழுபத்தொன்னு."

அவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்தார். மனைவி படுக்கையில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரம் ரெண்டு நாள் இங்க வரணும். என்னைப் பட்டியல்ல போட்டுட்டா அவளை யாரு கூட்டிட்டு வருவா? வாசல்ல விட்டுட்டு நான் ரோட்டுல நிக்கணும்."

"அப்போ உண்மையைச் சொல்லுங்க. ரெண்டாம் தொட்டிக்குப் பின்னால என்ன செய்தீங்க?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். முதல் படத்தில் தொட்டியின் வெளித்தகட்டில், தரையிலிருந்து ஓர் ஆள் முழங்கால் உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ. சுற்றிச் சாக்பீஸ் கோடு.

"என்ன இது? உப்பா?"

"பனி மேடம்."

"தூத்துக்குடியிலயா?"

"அதான் சொல்லுதேன். உள்ளே மைனஸ் முப்பத்து மூணு டிகிரி. நடுவுல குளிரை அடைச்சு வைக்கிற பஞ்சு மாதிரி ஒண்ணு இருக்கு. வெளித்தகடு எப்பவும் வெயிலுக்குச் சுட்டுக்கிட்டுத்தான் இருக்கணும். அதுல பனி பூக்குதுன்னா உள்ளே எங்கேயோ விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஈரம் உள்ள போயி இரும்பைத் தின்னுக்கிட்டு இருக்கு." விரலால் படங்களைத் தள்ளினார். "இது ரெண்டு மாசம் முந்தி. இது போன மாசம். இது சனிக்கிழமை."

கடைசிப் படத்தில் வெள்ளை, அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்குப் பரவியிருந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் போட்ட கோடுகள் ஒன்றையொன்று சுற்றி நின்றன.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். கிருபாகரன் சார்கிட்டயே சொன்னேன். மறுநாள் அந்த இடத்துல புதுத் தகடு வச்சு மூடிட்டாங்க. தகட்டுக்கு மேலயும் பனி வந்துட்டு. அப்புறம் அரசாங்க ஆபீசுக்கு மனு எழுதினேன். பேர் போட்டுத்தான் எழுதினேன். அந்த மனு அப்படியே திரும்பி சார் மேஜைக்கு வந்திருக்கு. 'நிறுவனமே சோதிச்சுச் சான்று கொடுத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு'ன்னு பதில். அவங்க தொட்டிக்கு அவங்களே சான்று. அதுவும் சட்டம்தான்."

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீங்க கம்பெனி ஆளுல்லா மேடம்."

அவள் அவர் போனிலிருந்த படங்களை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளே தனியாக இரண்டாம் தொட்டியின் பின்பக்கம் போனாள். கடல் காற்று அனலாக அடித்தது. சேலை முந்தானை முதுகில் ஒட்டியது. குனிந்து பார்த்தாள். படத்தில் பார்த்தது போலத்தான், அந்த வெயிலில் அது மட்டும் வெள்ளையாக, மொறுமொறுவென்று இருந்தது. தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது நுனித் தோல் போயிருந்தது. எங்கோ உள்ளிருந்து, காது வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, கம்பி நெளிகிற ஒரு சின்னச் சத்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பனைமுனையில் ஈர வலைகளை வெயிலில் உணத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டது இங்கே கேட்டது.

அறைக்குத் திரும்பியதும் வெண்ணிலாவுக்குப் போன் செய்தாள். முன்னறி கருவியைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் அவள். கோயம்புத்தூரிலிருந்து பேசுவாள். முகம் பார்த்ததில்லை, ஆனால் நாலு வருடப் பழக்கம்.

"வெண்ணிலா, ஒண்ணு கேட்கிறேன், மழுப்பாமச் சொல்லு. இந்த மெஷின் எதைத்தான் அளக்குது?"

"நாசவேலை செய்யிற வாய்ப்பு..."

"விளம்பரத்துல போட்டிருக்கிறதைக் கேட்கல."

வெண்ணிலா குரலைத் தாழ்த்தினாள். "பயத்தை மேடம். பயம், மறைக்கிறது, சுத்திச்சுத்திப் பார்க்கிறது. குண்டு வைக்க வர்றவனுக்கும் அதெல்லாம் இருக்கும். ஆனா எதுக்காகப் பயப்படுறாங்கன்னு மெஷினுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்கு எழுபத்திரண்டு மணி நேரம்."

"இசக்கியப்பன் எண் ஏறினதை வேற யாராவது கேட்டாங்களா?"

"உங்க ஜி.எம். கேட்டார். ஒரு மாசம் இருக்கும். 'இரண்டாம் தொட்டிப் பக்கம் போற யாருக்காவது எண் ஏறுதா'ன்னு கேட்டார். நான் அனுப்பினேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம்."

"எனக்குத் தெரியாது."

"அது... தப்பா மேடம்?"

"தெரியலை. இனிமேதான் தெரியும்."

அன்று மதியம் கிருபாகரன் அவளைக் கூப்பிட்டு ஒரு பத்திரத்தை நீட்டினார். மூன்று பக்கம். அனுமதிக் கையெழுத்தோடு சேர்த்து இதிலும் போட வேண்டும் என்றார். காப்பீட்டு நிறுவனத்துக்காம். வழக்கமான தாள்தான், படிக்க ஒன்றுமில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவள் உட்கார்ந்து படித்தாள்.

'இரண்டாம் தொட்டிக்கு நாசவேலை அபாயம் உள்ளது. சந்தேகத்துக்குரிய நபர்: கு. இசக்கியப்பன், வால்வு ஆபரேட்டர். நிறுவனம் கருவி மூலம் உரிய காலத்தில் எச்சரித்தது. பாதுகாப்பு அதிகாரி தம் சொந்தப் பொறுப்பில் அனுமதித்தார்.'

கீழே தேதி இருந்தது. மூன்றாம் தேதி. இசக்கியப்பன் எழுபதைத் தாண்டியது ஒன்பதாம் தேதி.

"சார், இது ஆறு நாளைக்கு முன்னாலேயே தயாராயிருக்கு."

"தட்டச்சுப் பிழையா இருக்கும்."

"தொட்டிக்குப் பின்னால பனி பூத்திருக்கு சார். இன்னிக்குத் தொட்டுப் பார்த்துட்டு வந்தேன்."

கிருபாகரன் எழுந்து போய் ஏசியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

"தொட்டிக்குச் சான்றிதழ் இருக்கு ஜெசிந்தா."

"அப்படின்னா எதுக்கு சார் இந்தப் பத்திரத்துல இரண்டாம் தொட்டின்னு தனியாப் போட்டிருக்கு? எண் ஏறின ஆளு எந்தத் தொட்டியையும் உடைக்கலாம்ல?"

அவர் பேனாவை எடுத்தார். அவள் விடவில்லை.

"தானா உடைஞ்சா விபத்து. முதலாளியும் நீங்களும் கோர்ட்ல நிக்கணும். எவனோ உடைச்சான்னா பயங்கரவாதம். மெஷின் வச்சிருக்கோம், அதிகாரி வச்சிருக்கோம், எச்சரிச்சோம்னு சொல்லிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கலாம். செத்துப்போன இசக்கியப்பன் குற்றவாளி, நான் உயிரோட இருந்தா நானும் குற்றவாளி. சரிதானா சார்?"

"நீங்க கற்பனை பண்றீங்க. ஜூலைல இந்தக் கிடங்கு கைமாறுது. வாங்கறவங்க தொட்டியை முழுசாப் புதுப்பிக்கப் போறாங்க. நாலு மாசம் எல்லாரும் பொறுமையா இருந்தாப் போதும். அவ்வளவுதான்."

"நாலு மாசம் அது தாங்குமா?"

"நான் இன்ஜினீயர் இல்லைம்மா. நீங்களும் இல்லை." பேனாவைத் தள்ளினார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு உங்க கெடு முடியுது. அனுமதிக்க இஷ்டமில்லைன்னா தடுத்துடுங்க. அந்த மனுஷன் பெண்டாட்டிக்கு டயாலிசிஸ் நடக்குதுன்னு கேள்விப்பட்டேன். உங்க மனசாட்சி."

அனுமதித்தால் பலிக்கு ஓர் ஆடு தயார். தடுத்தால் அந்த ஆடு வெளியே போய்விடும். ஆனால் தொட்டியைப் பார்த்துக் கோடு போடவும் ஆள் இருக்காது. பார்த்தவனை விரட்டியாயிற்று, அடுத்து எவனுக்கு எண் ஏறுகிறதோ அவன் பெயருக்கு ஒரு பத்திரம். மனுவா? அதுவும் அவர் மேஜைக்கே திரும்பும்.

அன்று சாயங்காலம் தன்வாசல் சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நாற்பத்தொன்றாம் பிரிவில் சிவப்பு ஆணை இருந்தது. உடனடி நாசவேலை நடக்கும் என்று அதிகாரி நம்பினால், யாரையும் கேட்காமல் ஆணை போடலாம். ஆட்சியர், தீயணைப்பு நிலையம், துறைமுகம் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் போகும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொட்டியைக் காலி செய்தே ஆக வேண்டும். உள்ளே எவனாவது எதையாவது ஒட்டி வைத்திருக்கிறானா என்று அரசு ஆட்கள் இறங்கிப் பார்ப்பார்கள். முதலாளி நினைத்தாலும் நிறுத்த முடியாது.

ஆனால் படிவத்தில் காரணம் எழுதுகிற இடத்தில் துரு என்பதற்குக் கட்டம் இல்லை. எழுபதைத் தாண்டிய ஓர் ஆளின் பெயர் வேண்டும். பெயர் எழுதியதும் அந்த ஆள் பொதுப்பட்டியலுக்குப் போய்விடுவார். அங்கிருந்து பெயர் எடுக்கப்பட்டதாக அவள் கேள்விப்பட்டதேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை இசக்கியப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள். பத்திரம், தேதி, சிவப்பு ஆணை, எதையும் மறைக்கவில்லை. அவர் காபியைக் குடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேரை எழுதுங்க மேடம்."

"அண்ணாச்சி..."

"பனைமுனையில இருநூத்துச் சொச்சம் வீடு. காத்து அந்தப் பக்கம்தான் அடிக்கி. இவளை என் கொழுந்தியா கூட்டிட்டுப் போவா. எழுதிக்கிடுங்க." உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மட்டும் நான் ரோட்டுல நிக்கப் போறதைச் சொல்லிராதீங்க. வண்டி நிறுத்தப் போனேன்னு சொல்லிக்கிடுதேன்."

அவள் எழுந்தாள். ஸ்கூட்டரில் போகும்போது உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசியது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டு மதுரையில் கல்லூரியில் படிக்கிற மகள் ஷெரினுக்குப் போன் செய்தாள். சும்மாதான், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அடுத்த மாசம் காலேஜ்ல பெற்றோர் கூட்டம், மறந்திராதேம்மா என்றாள் ஷெரின். சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள். நான்கு வருடமாகப் பிறருடைய கழுத்து நரம்பைத் திரையில் பார்த்தவள், இப்போது தன் கழுத்தில் அது குதிப்பதை உணர்ந்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு வாசலைக் கடந்தாள். அதிகாரியென்றாலும் கேமராவுக்கு முன்னால் ஒரு நொடி நிற்கத்தான் வேண்டும். பச்சை விளக்கு எரியவில்லை. மஞ்சள் எரிந்தது. காவலுக்கு நின்ற செக்யூரிட்டி திகைத்து அவளையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மெஷின் கோளாறா மேடம்?"

"இல்லை. சரியாத்தான் வேலை செய்யுது."

அறைக்குள் போய்த் திரையைத் திறந்தாள். ஜெசிந்தா வில்லவராயர், பாதுகாப்பு அதிகாரி. எழுபத்தாறு.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குப் பன்னிரண்டு. நான்கு நாளில் அறுபத்து நான்கு கூடியிருக்கிறது; இந்த நான்கு நாளில் அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை, பார்த்தது மட்டும்தான்.

சிவப்பு ஆணைப் படிவத்தைத் திறந்தாள். இடம்: இரண்டாம் தொட்டி, கடல் பக்க அடித்தகடு. உடனடி அபாயம்: ஆம். சந்தேகத்துக்குரிய நபரின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டினாள். ஆணையிடும் அதிகாரி என்ற இடத்திலும் தன் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று கருவி மறுக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறுக்கவில்லை. இப்படி ஒருத்தி எழுதுவாள் என்று அதைச் செய்தவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை.

பிறகு இசக்கியப்பன் பெயரைத் திறந்து, 'விசாரித்தேன், சந்தேகமில்லை, அனுமதிக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டாள். கிருபாகரனின் பத்திரத்தைப் படம் எடுத்து, தேதி தெரியும்படி ஆணையோடு இணைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

சங்கு ஊதியது. கிருபாகரன் படியில் ஓடி வந்தார். முதல்முறையாக அவர் சட்டை பேன்ட்டுக்கு வெளியே வந்திருந்தது.

"யார் பேரை எழுதினே? யார் பேரைம்மா எழுதினே?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார். அதற்குள் தீயணைப்பு வண்டியின் மணி சாலைத் திருப்பத்தில் கேட்டது.

தொட்டியைக் காலி செய்யப் பதினோரு மணி நேரம் ஆனது. கொஞ்சத்தைப் பக்கத்துத் தொட்டிக்கும், மீதியைத் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் ஏற்றினார்கள். பனைமுனைச் சனங்களை லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து உள்ளே இறங்கியவர்கள் குண்டு எதையும் கண்டுபிடிக்கவில்லை. பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அடித்தகடு, சுளகு அகலத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்ததைத்தான் கண்டுபிடித்தார்கள். இறங்கியவர்களில் ஒரு வயதான அதிகாரி, இதன் மேல் நின்றுகொண்டா இத்தனை நேரம் பேசினோம் என்று ஏணியைப் பிடித்தாராம். இதை இசக்கியப்பன்தான் வந்து சொன்னார்.

அதற்காக யாரும் ஜெசிந்தாவுக்கு மாலை போடவில்லை. நாசவேலை செய்ய நினைத்தவள் என்று எட்டு நாள் விசாரணையில் வைத்திருந்தார்கள். பிறகு பொய்யான சிவப்பு ஆணை என்று வழக்கு. கிருபாகரன் மேல் இன்னொரு வழக்கு. அவருக்கு ஜாமீன் சீக்கிரம் கிடைத்தது. ஜெசிந்தாவுக்கு வேலை போனது. பெயர் பட்டியலில் இருந்தது. பெற்றோர் கூட்டத்தன்று ஷெரின் கல்லூரிக்கு வெளியே டீக்கடைக்கு வந்து, பேராசிரியர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். ஒரு பேராசிரியர் தாமே வெளியே வந்து, பக்கத்தில் நின்று டீ குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். பல்வலி வந்தபோது ஜெசிந்தா அரசு மருத்துவமனை வரிசையில் அரை நாள் நின்றாள். பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கு போனாலும், இந்த வாசல் யாருடையது என்று முதலில் பார்க்கிற பழக்கம்தான் வந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா போன் செய்தாள். ரகசியம் பேசுகிற குரல்.

"மேடம், இதை நான் சொல்லக் கூடாது. உங்களுக்கப்புறம் மூணு பேர் அதே மாதிரி செய்திருக்காங்க. மூணு வெவ்வேற நிறுவனம். மூணு அதிகாரிகளும் தங்க பேரையே எழுதியிருக்காங்க."

ஜெசிந்தா நாற்காலியில் நிமிர்ந்தாள். "திறந்து பார்த்தாங்களா?"

"ரெண்டைத் திறந்தாச்சு. ஒண்ணு குளோரின், ஒண்ணு எரிவாயு." நிறுத்தினாள். "ரெண்டுலயும் கோளாறு இருந்துச்சு மேடம்."

"மூணாவது?"

"அது இன்னும் திறக்கல. எங்க கம்பெனியை அவசரமா ஒரு மாற்றம் செய்யச் சொல்லியிருக்காங்க, அதிகாரியும் சந்தேக ஆளும் ஒரே பேரா இருந்தா ஆணை போகாதபடி. நேத்து மதியம் மாத்திட்டோம். அந்த மூணாவது ஆணை நேத்து சாயங்காலம் வந்தது." வெண்ணிலா திரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அது எங்கேயும் போகல மேடம். என் திரையில மட்டும் நிக்குது."

"எந்த ஊர்?"

"நீங்க போயி என்ன செய்ய முடியும்? உங்களை உள்ளேயே விட மாட்டாங்க."

"உள்ளே போகலை. கேட்டுக்கு முன்னால நின்னு சுத்தி இருக்கிற வீடுகளைக் கூப்பிடலாம்ல?" ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஊரைச் சொல்லு வெண்ணிலா."